அம்மா என்ன செய்தார் என்று எழுதுங்கள்

ஆரணியிலிருந்து பொன்னேரிக்குப் போகும் சாலையில் கண்ணீர் அஞ்சலி பேனர் இல்லாத வாரம் அபூர்வம். இறந்தவர் ஆணாக இருந்தால் பெயருக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், நெசவாளர், கிளைச் செயலாளர், லாரி ஓட்டுநர். பெண்ணாக இருந்தால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார். அதற்கும் கீழே 'தியாகத்தின் திருவுருவம்' அல்லது 'அன்பின் சிகரம்'. எழுபது வருடம் வாழ்ந்த ஒரு மனுஷி என்ன செய்தார் என்பதற்கு அந்தப் பத்தடி பேனரில் இடம் இல்லை.

பேனர் அச்சடிக்கும் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. சாதி ஒழிப்பு பேசுகிற நம் மேடைகளிலும் அம்மாக்கள் இப்படித்தான் வருகிறார்கள். பட்டினி கிடந்தார், கந்தல் உடுத்தினார், கண்ணீர் விட்டார், நம்மைப் படிக்க வைத்தார். ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அவர் எதையெல்லாம் இழந்தார் என்ற பட்டியல் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. எதையெல்லாம் உண்டாக்கினார் என்ற பட்டியலை யாரும் எழுதவில்லை. இந்த மறதிக்குச் சாதியோடும் கூலியோடும் நேரடித் தொடர்பு உண்டு என்பதே நான் சொல்ல வருவது.

என் அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்ட ஆரணி வேறு. எங்களுடையது பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவே, ஆரணியாற்றை ஒட்டிய திருவள்ளூர் மாவட்ட ஆரணி. பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் எங்களுக்கு வெள்ளம், திறக்காவிட்டால் வெறும் மணல். நைனா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா 'வீட்டில் இருந்தார்'. பள்ளிச் சேர்க்கை முதல் முனைவர் பட்டப் பதிவு வரை நான் நிரப்பிய எல்லாப் படிவங்களிலும் தாயின் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்றே இருக்கிறது. சில அலுவலகங்களில் எழுத்தர்கள் அதைவிடச் சுருக்கமாக 'இல்லை' என்று போட்டுக்கொள்வார்கள்.

அந்த 'இருந்தார்' என்ற சொல்லுக்குள் என்னென்ன இருந்தது? காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஆலையின் ஷிஃப்ட் வாரத்துக்கு ஒருமுறை மாறும். நைனாவின் உடம்பு அதற்குப் பழகியதோ இல்லையோ, அம்மாவின் அடுப்பு பழகியது. முதல் ஷிஃப்ட் வாரத்தில் விடியற்காலை மூன்றரைக்கு உலை வைப்பார். இரவு ஷிஃப்ட் வாரத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் நைனா பகலில் தூங்க வேண்டும்; எங்கள் மூன்று பேரையும் சத்தம் போடாமல் வெளியே வைத்திருப்பார். கரியும் கிரீஸும் ஏறிய சட்டையை வெந்நீரில் ஊறவைத்துக் கல்லில் அடித்துத் துவைப்பார். அந்தச் சோறும் தூக்கமும் துவைத்த சட்டையும் இல்லாமல் மறுநாள் ஆலை வாசலைத் தாண்ட எந்தத் தொழிலாளியாலும் முடியாது. ஆலை கூலி கொடுத்தது ஒருவருக்கு, வேலை வாங்கியது இருவரிடம். தொழிற்பேட்டைகளைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் வருகின்றன. ஷிஃப்ட் மாறும் வாசலில் நின்று தொழிலாளர்களிடம் கேள்வி கேட்கிறோம். மூன்றரை மணி அடுப்பிடம் யாரும் கேள்வித்தாளோடு போவதில்லை.

இந்த வேலைகளுக்கு நடுவில் அவர் செய்தவை வேறு. ஆலைக்கு வரும் சரக்குப் பெட்டிகளைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளை அறுத்துக் குப்பையில் போடுவார்கள். நைனா அவற்றைச் சைக்கிளில் கட்டி எடுத்துவருவார். அம்மா கழுவி, நிறம் பிரித்து, கட்டில் பின்னுவார், கூடை பின்னுவார். கடையில் வாங்கும் வயரில் சிவன் கண்ணும் நெல்லிக்காயும் போடத் தெரிந்த கை அது. ஆனால் பட்டை, வயர் மாதிரி வளையாது, முடிச்சு நிற்காது. அதற்கென்று மடித்துச் சொருகும் முறை ஒன்றை அவரே கண்டுபிடித்தார். மஞ்சளும் நீலமும் மாறி மாறி வரும் பின்னல் ஒன்று, தள்ளி நின்று பார்த்தால் அசைவது போலத் தெரியும். அதற்கு 'ஆத்துத் தண்ணி' என்று பெயர் வைத்திருந்தார். ஒரு கட்டிலுக்கு நான்கு நாள் பிடிக்கும். எங்கள் காலனியில் பாதிக் கட்டில்கள் அவர் பின்னியவை.

கூடைகளை ஊர்த்தெருக்காரர்களும் வாங்கினார்கள். வாசலுக்கு வெளியே நிற்க வைத்து விலை பேசுவார்கள். காசைத் திண்ணையில் வைப்பார்கள். கூடையை மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துப்போவார்கள். பின்னியவருக்குக் கிடைக்காத அனுமதி பின்னலுக்குக் கிடைத்தது. நம் மக்களின் உழைப்பை எடுத்துக்கொண்டு மனிதரை வெளியே நிறுத்தும் பழக்கம் வயலுக்கும் பறைக்கும் மட்டும் உரியது என்று நினைத்துவிடக் கூடாது. பிளாஸ்டிக் கூடை வரை அது நீள்கிறது.

அவருடைய இன்னொரு கலை ஒப்பாரி. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் அம்மாவுக்கு ஆள் வரும். பாட்டை அப்படியே ஒப்பிக்க மாட்டார். செத்தவர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே உடன் வருபவர்களிடம் விசாரித்துக்கொண்டு போவார். இறந்த பெண் எந்த வயலில் நாற்று நட்டாள், கருவாட்டுக் குழம்பை எப்படிக் கூட்டுவாள், யார் யாருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தாள், யாருடைய கடனை வாய் திறக்காமல் அடைத்தாள் என்பதெல்லாம் அன்றைய பாட்டுக்குள் வந்துவிடும். சின்னப் பெண்கள் பொதுவாக 'மகராசி போயிட்டியே' என்று இழுத்தால் அவருக்குப் பிடிக்காது. "செத்தவ இன்னா செஞ்சான்னு சொல்லி அழுவுங்கடி. மகராசின்னு யாரை வேணா சொல்லலாம்" என்பார். நினைவுகூர்வது எப்படி என்று எந்தக் கருத்தரங்கிலும் இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை.

அவர் இறந்தபோது அந்த ஒப்பாரிகளில் ஒன்றுகூட எங்கும் பதிவாகியிருக்கவில்லை. கலை என்று எதைச் சொல்வது, யார் செய்தால் அது கலை என்பதை முடிவு செய்யும் இடத்தில் அவரைப் போன்றவர்கள் இருந்ததில்லை. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பழவேற்காட்டின் பெயரைச் சுமந்துதான் 'பளையக்காட்' லுங்கி கடல் கடந்து போனது. ஊரின் பெயர் நிலைத்தது. நெய்தவரின் பெயர் எந்தத் துணியிலும் இல்லை. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுத்த பெண், நெய்தவரின் கூலிக் கணக்கில்கூட இல்லை.

'இல்லத்தரசி' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அரசி என்று பட்டம் சூட்டுகிறோம், இல்லத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதில்லை. அதே சமயம், நகரத்துப் பெண்ணியக் கட்டுரைகளில் வருவதுபோல 'வீட்டுக்குள் முடக்கப்பட்ட பெண்' என்று மட்டும் இதைச் சொல்லவும் எனக்குத் தயக்கம் உண்டு. என் ஆயா வாழ்நாள் முழுக்க ஆண்டை வயலில் நட்டவர், களை பறித்தவர். ஆண்டை வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளியவர். வசவும் அதைவிட மோசமானவையும் அந்த வேலையோடு சேர்ந்தே வந்தன. மருமகளை அந்த வயலுக்கு அனுப்புவதில்லை என்று ஆயா எடுத்த முடிவுதான் அம்மாவை 'வீட்டில்' வைத்தது. சேரிப் பெண்ணுக்குத் தன் வீட்டு அடுப்பு என்பது ஆண்டையின் கண்ணிலிருந்து கிடைத்த விடுதலையும்கூட. ஒரு தலைமுறைக்கு அது முன்னேற்றம். ஆனால் ஆண்டையிடமிருந்து மீண்ட உழைப்பு, கணக்கில் வராத உழைப்பாக மாறியது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது எங்கள் அம்மாக்களின் வரலாறு.

கணக்கு என்று சொன்னேன். இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்களை 'வேலை செய்யாதோர்' பிரிவில் வைக்கிறது. 2001 கணக்கெடுப்பில் அவர்கள் பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளர்கள், சிறைவாசிகள் ஆகியோரோடு ஒரே தொகுப்பில் வைக்கப்பட்டதை உச்ச நீதிமன்றமே 2010இல் அருண் குமார் அகர்வால் வழக்கில் கண்டித்தது. ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். 2024ஆம் ஆண்டு ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடம். ஐந்து ஆண்டுகளில் குறைந்தது பத்து நிமிடம்.

இந்த உழைப்புக்குச் சட்டம் விலை போடும் ஒரே இடம், அந்தப் பெண் விபத்தில் செத்த பிறகு கூடும் தீர்ப்பாயம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்டு நெடுங்காலம் இருந்த அட்டவணை, சம்பாதிக்காத மனைவியின் வருமானத்தைக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காகக் கொள்ளச் சொன்னது. இதைச் சாதியின் கண்ணால் படித்துப் பாருங்கள். பொறியாளர் வீட்டில் உலை வைப்பவரும் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டில் உலை வைப்பவரும் அதே வேலையைச் செய்கிறார்கள். சொல்லப்போனால் குழாய் இல்லாத வீட்டில் இருப்பவருக்கு வேலை அதிகம். ஆனால் அந்த அட்டவணைப்படி இரண்டாமவரின் உழைப்பு மலிவு, ஏனென்றால் அவர் கணவரின் கூலி மலிவு. கணவரின் கூலி ஏன் மலிவு என்பதற்குச் சாதி பதில் சொல்லும். தலைமுறையாகப் படிப்பும் நிலமும் மறுக்கப்பட்ட கணக்கு, செத்துப்போன பெண்ணின் இழப்பீட்டுத் தொகை வரை வந்து சேர்கிறது.

நிலைமை அப்படியே நிற்கவில்லை என்பதும் உண்மை. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டு வேலைக்கு வருமானம் கணக்கிடுவது அந்த உழைப்பை அங்கீகரிப்பதாகும் என்று விளக்கியது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பராமரித்து அதற்கு வழி செய்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கி, 'உதவித்தொகை' என்று சொல்லாமல் 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயரிட்டது. ஒரு கோடிக்கும் அதிகமான பெண்கள் அதைப் பெறுகிறார்கள். தொகை சிறியது, சொல் பெரியது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. எங்கள் பொன்னேரி வட்டாரமும் அப்போது அந்தச் செங்கற்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசையும் நீதிமன்றத்தையும் கேட்கும் கேள்வியை நம் இயக்கங்களிடமும் கேட்க வேண்டும். அன்னை ரமாபாயை நாம் எப்படி நினைக்கிறோம்? 1906இல் சிறுமியாக மணமுடித்து, ஐந்து பிள்ளைகள் பெற்று, நால்வரைப் பறிகொடுத்து, 1935 மே 27 அன்று மறைந்தவர். அண்ணல் லண்டனில் படித்தபோது வறுமையில் வாடினார் என்று சொல்கிறோம், அங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். கணவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் ஒரு குடும்பத்தைப் பம்பாயில் நடத்திக்காட்டுவதற்கு எத்தனை கணக்கு, எத்தனை சாமர்த்தியம், எத்தனை முடிவுகள் தேவைப்பட்டிருக்கும்? பாகிஸ்தான் பற்றிய தன் நூலை அண்ணல் அவர் நினைவுக்குப் படைத்தபோது, உள்ளத்தின் நன்மையோடு மனத்தின் உயர்வையும் கலங்காத உறுதியையும் சேர்த்தே குறிப்பிட்டார். நாமோ அவரைக் கண்ணீர்ச் சித்திரமாக்கிச் சுவரில் மாட்டிவிட்டோம்.

பெரியார் இதில் நமக்கு வேறொரு பாடம் வைத்திருக்கிறார். நாகம்மையார் 1933 மே 11 அன்று காலமானபோது 'குடி அரசு' இதழில் அவர் எழுதிய இரங்கல் தமிழில் அபூர்வமான ஓர் எழுத்து. கள்ளுக்கடை மறியலிலும் வைக்கம் போராட்டத்திலும் நின்ற துணைவியைப் பற்றி அவர் புகழ்மொழியில் ஒதுங்கிக்கொள்ளவில்லை. பெண் விடுதலைக்காகத் தான் பேசியதிலும் எழுதியதிலும் நூற்றில் ஒரு பங்கைக்கூட நாகம்மையார் விஷயத்தில் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளத் தனக்கு முழு யோக்கியதை இல்லை என்று எழுதினார். செத்தவரைத் தெய்வமாக்கிவிட்டால் உயிரோடு இருப்பவர்களுக்குப் பொறுப்பு இல்லாமல் போகும் என்பதைத் தெரிந்தவர் எழுதிய இரங்கல் அது.

வீட்டுக்குள் இருந்த படைப்பாளிக்கு மராட்டியத்தின் பேபி காம்ப்ளேயைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. 1929இல் மகர் குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் திருமணம். சாத்தாரா மாவட்டம் பல்டணில் கணவரோடு சின்ன மளிகைக் கடை. பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய செய்தித்தாள்களைப் படித்துப் படித்தே வாசிப்பை வளர்த்துக்கொண்டார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எழுதினார். எழுதியதைக் கணவருக்கும் மகனுக்கும் தெரியாமல் இருபது ஆண்டுகள் ஒளித்து வைத்தார். பல்டணில் குடியேறியிருந்த மேக்சீன் பெர்ன்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அது வெளிச்சத்துக்கு வந்தது. 1982இல் 'ஸ்திரீ' என்ற மராத்தி இதழில் தொடராக வந்து, 1986இல் 'ஜிண அமுச்ச' என்ற புத்தகமானது. தலித் பெண்களின் தன்வரலாறுகளில் முன்னோடி நூல்களில் ஒன்று, ஒரு மளிகைக் கடையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. யாரும் கேட்காமல் போயிருந்தால் பேபி காம்ப்ளேயும் யாரோ ஒருவரின் மனைவியாக, பத்துப் பிள்ளைகளின் தாயாக மட்டும் போய்ச் சேர்ந்திருப்பார்.

நமக்குப் பக்கத்திலேயே வீரம்மா இருக்கிறார். புதுச்சேரிக்கு அருகில் வாழ்ந்த பறையர் சமூகப் பெண். கூலி வேலை செய்தவர், பிள்ளைப்பேறு பார்த்தவர், பெரிய பாட்டுக்காரர். ஜோசியான் ரசின் என்ற இசை ஆய்வாளர் அவருடைய பாடல்களைப் பதிவு செய்யப் போனார். பாட்டு பேச்சாகி, பேச்சு ஒரு முழு வாழ்க்கையாக விரிந்தது. அந்த நூல் 1990களின் நடுவில் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வெளியானது. சேரிப் பெண் தமிழில் சொன்ன வாழ்க்கை முதலில் பிரெஞ்சில் அச்சேறியது. பாமா 'சங்கதி'யில் (1994) தன் தெருப் பெண்களின் பேச்சையும் பாட்டையும் சண்டையையும் சிரிப்பையும் அவர்களுடைய மொழியிலேயே கொண்டுவந்தபோது, அதைக் கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தக் கொச்சையில்தான் எங்கள் அம்மாக்களின் படைப்பு இருக்கிறது.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். வீட்டு வேலையைக் கலை என்று கொண்டாடினால் பெண்ணை அடுப்படியிலேயே கட்டிப்போட்டதாகாதா? நியாயமான அச்சம். 1970களில் ஐரோப்பாவில் வீட்டு வேலைக்கு ஊதியம் கேட்ட இயக்கம் எழுந்தபோதும் இதே கேள்வி வந்தது. அடுப்பைக் கொண்டாடச் சொல்லவில்லை. மூன்றரை மணிக்கு எழுவதில் எந்த அழகும் இல்லை. அது சுரண்டல், அதற்கு முடிவு கட்ட வேண்டும். 'ஆத்துத் தண்ணி' பின்னலும் ஒப்பாரியும் அந்தச் சுரண்டலின் பலன்கள் அல்ல, அதைமீறி மிச்சம் பிடித்த நேரத்தில் பிறந்தவை. சுரண்டலைச் சுரண்டல் என்றும் படைப்பைப் படைப்பு என்றும் தனித்தனியாகப் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். 'தியாகம்' என்ற ஒற்றைச் சொல் இரண்டையும் ஒன்றாகப் போட்டு மூடிவிடுகிறது. தியாகம் என்றால் அவராக விரும்பிக் கொடுத்தார் என்று பொருள். பறித்துக்கொண்டவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

ஆகவே சில கோரிக்கைகள். இழப்பீட்டுக் கணக்கில் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் உழைப்பைக் கணவரின் கூலியோடு முடிச்சுப் போடாமல், திறன் பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் மதிப்பிட வேண்டும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வேலை செய்யாதோர்' என்ற முத்திரை போக வேண்டும். வீட்டுமனைப் பட்டா பெண்கள் பெயரில் இருக்கிறதா என்று நம் இயக்கங்கள் காலனி காலனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். 299க்கும் 97க்கும் நடுவில் இருக்கும் 202 நிமிடத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் நம் ஆண் தோழர்கள். மேடையில் பேசினால் போதாது, பாத்திரம் கழுவும் இடத்தில் பேச வேண்டும்.

படித்து வெளியே வந்த என் தலைமுறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தில் 'என் தாயின் தியாகத்துக்கு' என்ற வரியைத் தாண்டிப் போக வேண்டும். கையில் போன் இருக்கிறது. ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டு தெரிந்த பெண்கள் ஒவ்வொரு காலனியிலும் இன்னும் சிலராவது இருக்கிறார்கள். உப்புக்கண்டம் போடும் பக்குவம், கூடை பின்னும் கணக்கு, பச்சிலை வைத்தியம், இவற்றைக் கேட்டு, யார் சொன்னது என்ற பெயரோடு, தேதியோடு பதிவு செய்ய வேண்டும். மராத்வாடாவின் தலித் அடுக்களைகளை ஷாஹு பட்டோளே புத்தகமாக்கினார். திருவள்ளூர் மாவட்டத்துச் சேரிகளின் அடுக்களைகளை எழுத வெளியிலிருந்து ஒருவர் வரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். என்ன கஷ்டப்பட்டாய் என்று கேட்டால் அவர்கள் பெரும்பாலும் சிரித்து மழுப்பிவிடுவார்கள். இதை எப்படிச் செய்தாய், யாரிடம் கற்றாய், இந்தப் பின்னலுக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள்.